ஏணியடியில் ஒரு கை

வியாழக்கிழமை சாயந்திரம் காப்பி எஸ்டேட்டிலிருந்து கனகா வீடு திரும்பியபோது, கட்டிலின் மேல் நீல நிறத் தோள்பை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை. இடுப்பு வலிக்குத் தடவுகிற தைல பாட்டில் செய்தித்தாளில் சுற்றி ஓரமாகச் செருகப்பட்டிருந்தது. அந்தப் பாட்டிலைப் பார்த்ததும்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போகிறவன் சட்டையை எடுத்துவைப்பான். தைலத்தை எடுத்துவைக்கிறவன் திரும்பி வர நாளாகும் என்று முடிவு செய்துவிட்டவன்.

"அண்ணன் போன் பண்ணினாரு," என்றான் அவள் புருசன் கோபி. சுவரோரம் உட்கார்ந்து மகளின் பள்ளிக்கூடச் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தவில்லை. "திருப்பூர்ல அவரு கம்பெனிக்குப் பக்கத்துலயே வாட்ச்மேன் வேலை இருக்குதாம். உக்காந்தே பார்க்கலாமாம். ஞாயித்துக்கெழமை வரச் சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

அடுப்படியில் படித்துக்கொண்டிருந்த காவேரி, "அப்பா, அங்க கொசு நொம்ப கடிக்குமாமே, கொசுவலை எடுத்து வெச்சீங்களா?" என்றாள். பன்னிரண்டு வயசு. அழக்கூடாது என்று நினைத்துவிட்டால் இந்த மாதிரி ஏதாவது கேட்பாள்.

கனகா கை கழுவப் போனாள். விரல்களில் காப்பிப் பழத்தின் பிசுபிசுப்பு. அந்த வருடத்துப் பழம் அன்றோடு முடிந்தது. களத்தில் காயும் கொட்டையும் இன்னும் இரண்டு நாளில் மூட்டையாகிவிடும். களத்தில் உலர்த்துவதும் கிளறிவிடுவதும்தான் கோபியால் முடிகிற வேலை. சரிவில் ஏற அவன் இடுப்பு ஒத்துவராது. மழைக்காலத்தில் நாற்றுப் பை நிரப்பக் கூப்பிடுவார்கள், அதற்கு இன்னும் நாலு மாதம். நடுவில் எஸ்டேட்டில் இருப்பது மிளகு மட்டும்தான்.

மிளகுக்குத் தனியாள் கிடையாது. ஜோடியாகத்தான் எடுப்பார்கள். சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி இருபது, முப்பது அடிக்கு மிளகுக்கொடி ஏறியிருக்கும். அதில் கணுக்களைப் படியாக விட்ட ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, புருசன் ஏறிப் பறிப்பான். பெண்டாட்டி அடியில் நின்று ஏணியைப் பிடிப்பாள். கோபியும் கனகாவும் எட்டு வருடம் அந்த எஸ்டேட்டின் முதல் ஜோடியாக இருந்தவர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மாசி மாதம் காலையில் கோபி விழுந்தான். இடுப்பில் இரும்புத் தகடு வைத்தார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் அவன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள் கனகா.

கை கழுவிவிட்டு வந்தவள், பைக்குள் கையை விட்டுத் தைல பாட்டிலை எடுத்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தாள்.

"நான் ஏறுறேன். நீங்க அடியில நில்லுங்க."

ஊசி நின்றது. "எங்க ஏறுற?"

"மொளகு மரத்துல."

"நீ ஏறவேண்டாம்."

"அப்ப நீங்களும் போகவேண்டாம்."

கோபி ஊசியைச் செருப்பில் குத்தி வைத்தான். "இதுவரைக்கும் எத்தனை அடி ஏறியிருக்கற?"

"கொய்யா மரத்துல ஏறியிருக்கறேன்."

"அது ஆறடி, புள்ள."

"ஆறடி ஏறினவ இருபதடி ஏறமாட்டாளா? கெழக்கு வரிசை மரமெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஏணி எங்க சாத்தோணும், எந்தக் கொடி பழுத்துருக்குதுன்னு நீங்க சொல்லுங்க. கையும் காலும் நான் போட்டுக்கறேன். இந்த ஊட்டுல மூணு பேரு. மூணு பேரும் இங்கதான் இருக்கோணும்."

அதற்குமேல் கோபி பேசவில்லை. விழுந்ததிலிருந்தே அவன் அப்படித்தான். முன்பெல்லாம் மரத்து உச்சியிலிருந்து பக்கத்து மரத்துக்காரனை வம்புக்கு இழுக்கிறவன். இப்போது ஒரு வாக்கியம் பேசினால் அடுத்ததற்கு யோசிப்பான்.

*

மறுநாள் காலையில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் கனகா நேரே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் பெரியநாயகத்திடம் போனாள். சனிக்கிழமை மாலைக்குள் மிளகு ஜோடிகளின் பட்டியலை அவர் முடித்தாக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"ஏனுங்கய்யா, எங்க பேரையும் சேர்த்துக்கோங்க."

விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மிணி, பொம்பளைங்க ஏறி இங்க பழக்கமில்லை."

"ஏறக்கூடாதுன்னு எழுதி வெச்சிருக்குதுங்களா?"

"எழுதலை." கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். "அன்னிக்கு ஜீப்புல அவனைப் படுக்கவெச்சு இருபது கொண்டை ஊசி வளைவும் எறக்கிட்டுப் போனது நான்தான். ஒவ்வொரு வளைவுலயும் அவன் கத்துன கத்து இன்னும் என் காதுல இருக்குது. அதுக்கப்புறம் யாரு ஏணி ஏறினாலும் நான் திரும்பி நின்னுக்குவேன். இன்னொருக்கா ஒருத்தர் விழுந்தா என்னால பார்க்கமுடியாது."

"நான் விழமாட்டனுங்க. இதைவிடப் பெருசையெல்லாம் பார்த்துட்டேன். பயமெல்லாம் அந்த ஆஸ்பத்திரியோட போயிருச்சுங்க."

ரைட்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நாளைக் காலை ஏழு மணி. கிழக்கு வரிசையில் இரண்டு மரம். கொடி அறுபடாமல், கொத்து சிந்தாமல் எடுத்துக்காட்டினால் பேர் சேர்ப்பதாகச் சொன்னார்.

தண்ணீர்க் குழாயில் சுகுணா பிடித்துக்கொண்டாள். அவள் புருசன் அன்பழகன்தான் இப்போது முதல் ஜோடிக்காரன். "ஏறப்போறயாமே? ஏறுவே, ஏறுவே. நீ பட்ட பாட்டுக்கு வேற யாராச்சும் இருந்தா மூலையில உக்காந்துருப்பாங்க. உனக்கு நெஞ்சு இரும்பா ஆயிருக்கும்டி. எனக்கெல்லாம் பல்லி விழுந்தாலே குலை நடுங்குது."

"உம்புருசன் மேல பல்லி விழுந்தா?"

"அது பல்லிக்குத்தான் கஷ்டம்."

குழாயடியே சிரித்தது. கனகாவும் சிரித்தாள். ஆனால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, சுகுணா சொன்னதில் ஒரு பாதி அவளுக்குள் சரியாக உட்காராமல் உருண்டுகொண்டே வந்தது.

இரும்பு என்று மூன்று வருடமாக ஊரே சொல்கிறது. அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதோடு இன்னொரு சௌகரியமும் இருந்தது. இரும்பிடம் யாரும், உனக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

அவளுக்குள்ளே இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

மிளகு எடுக்கும்போது ஏறுகிறவன் ஒவ்வொரு படிக்கும் முன்னால், "ஆச்சா?" என்று கேட்பான். கீழே ஏணியைப் பிடித்திருப்பவள், "ஆச்சு," என்பாள். பிடி உறுதியாக இருக்கிறது, கால் வைக்கலாம் என்று அர்த்தம். ஏணியடியில் நிற்பவள் அண்ணாந்து பார்ப்பதில்லை, கண்ணில் தூசும் எறும்பும் கொட்டும். அதனால் இரண்டு பேருக்கும் நடுவே அந்த வார்த்தை மட்டும்தான். ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை, அறுநூறு தடவை. சொல்லிச் சொல்லி, மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும்.

கோபி விழுந்த அன்றைக்கு அவன் பையிலிருந்து ஒரு கை மிளகு சிந்தியது. கனகா அதைப் பொறுக்கக் குனிந்தாள். மேலே, "ஆச்சா?" என்று குரல் வந்தது. அவள் வாய், "ஆச்சு," என்றது. அவளுடைய இரண்டு கையும் தரையில் இருந்தன.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கோபியிடமும்.

*

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒண்டிக்கடை கடைத்தெருவுக்குப் போய்ப் புதுக் கயிறு வாங்கினாள். கோபி சொல்லி அனுப்பியிருந்தான்: நைலான் வேண்டாம், வழுக்கும், பெருவிரல் கனத்தில் தேங்காய்நார்க் கயிறு, இருபது முழம்.

"மாட்டுக்குங்களா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, எனக்குத்தான்."

அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. "ஏன் சாமி, என்ன ஆச்சு? எதுவா இருந்தாலும் பேசித் தீர்த்துக்கலாமே. உக்காரு, டீ சொல்றேன்."

கனகாவுக்கு ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. "அய்யோ, மொளகு மரம் ஏறுறதுக்குங்க!" என்று அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அதை மொதல்லயே சொல்றதில்லையா? சாவு பயம் காட்டிட்டயே கண்ணு." சொன்னபடியே டீயும் வாங்கிக் கொடுத்தார்.

*

சனிக்கிழமை காலை. மலைமேல் பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. கிழக்கு வரிசைக்குக் கோபி நேரத்திலேயே போய்விட்டான். கனகா போனபோது அவன் முதல் மரத்தடியில் மண்டியிட்டிருந்தான். காலால் சருகு முழுவதையும் தள்ளிவிட்டு, வெறும் மண் தெரிகிற வரைக்கும் சுரண்டி, களைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தான். ஏணியின் அடிமுனையை அதில் இறக்கி ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. கயிற்றை மரத்தைச் சுற்றி வீசி, ஏணியோடு சேர்த்துக் கட்டினான்.

"எட்டாவது படியில இன்னொரு கட்டு நீ போட்டுக்கோணும். நுனிக் கயிறு உன்ற இடுப்புல."

ரைட்டர் வந்தார். பார்த்தார். அப்புறம் பத்தடி தள்ளிப் பாதையோரப் பலாமரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "ஆனதும் சொல்லுங்க," என்றார் எதிர்ப்பக்கத்துச் சரிவைப் பார்த்தபடி.

கனகா புடவையை வரிந்து கட்டி, மேலே கோபியின் பழைய சட்டையை மாட்டியிருந்தாள். முதல் படியில் கால் வைத்தாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

இரண்டு. மூன்று. மூங்கில் கொஞ்சம் வளைந்து கொடுத்தது. நாலு, ஐந்து. கொய்யா மரம் தாண்டியாயிற்று. ஆறு. காப்பிச் செடிகளின் தலைகள் காலுக்குக் கீழே போய்விட்டன. ஏழு.

எட்டாவது படிக்கு முன்னால், "ஆச்சா?" என்றாள்.

"ஆச்சு."

கால் எழவில்லை.

அவள் காலிடம் சொன்னாள். கால் கேட்கவில்லை. முழங்காலில் ஆரம்பித்த நடுக்கம் மூங்கிலுக்கு ஏறி, மூங்கிலிலிருந்து கொடிக்குப் போய், மிளகு இலைகள் காற்றில்லாமலே சலசலத்தன. கன்னத்தை மூங்கிலில் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். போயிருச்சு என்று நேற்று ரைட்டரிடம் சொன்ன பயம் எங்கேயும் போகவில்லை. மூன்று வருடமாக இந்த எட்டாவது படியில் உட்கார்ந்து அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

"என்ன கனகா?"

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க மாமா."

"எந்த வார்த்தை?"

"ஆச்சுன்னு. அது சும்மா வருது. கை இல்லாட்டியும் வருது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அன்னிக்கு நான் ஏணியைப் பிடிக்கலை. மொளகு பொறுக்கிட்டு இருந்தேன். பொறுக்கிட்டே ஆச்சுன்னு சொன்னேன். நான்தான் உங்களைக் கீழ தள்ளினேன்."

சொல்லிவிட்டாள். எங்கேயோ ஒரு ஜீப் செம்மநத்தம் பக்கம் கியர் மாற்றி ஏறுகிற ஓசை மட்டும் வந்தது.

"தெரியும்," என்றான் கோபி.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அன்னிக்கே தெரியும். நின்னுட்டுச் சொன்னா கொரலு நேரா மேல வரும். அன்னிக்கு உன்ற கொரலு தரையிலிருந்து வந்துச்சு. காதுல நல்லா விழுந்துச்சு. விழுந்தும் கால் வெச்சேன். பக்கத்து வரிசையில அன்பழகன் ஒரு மரம் முந்திட்டான், அந்த அவசரம். நீ தள்ளலை. நாம ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் விழுந்தோம்."

"மூணு வருசமா ஏன் சொல்லலை?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். நீ ஊரெல்லாம் தைரியமா இருக்கறேன், தைரியமா இருக்கறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. அதைப் போய் எப்படிக் கெடுக்கறது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தது. ஏழு படியும் இறங்கி வந்து, தோண்டிய மண்ணின் மேலேயே உட்கார்ந்தாள். பலாமரத்தடியில் ரைட்டர், "எறங்கியாச்சுங்களா? நல்லதாப் போச்சு," என்றார் திரும்பாமலே.

"இன்னும் ஏறவே இல்லீங்க!" என்று கனகா கத்தினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குப் பயம் போகலை மாமா. கூடத்தான் ஆயிருக்குது. பட்டுட்டா கெட்டியாயிரும்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் நம்பிட்டேன்."

கோபி கஷ்டப்பட்டு இடுப்பை மடக்கி அவளருகே உட்கார்ந்தான். "எனக்கு மட்டும் போயிருச்சா? ராத்திரி கட்டில்ல இருந்து எறங்கவே கால் தேடுது. கெட்டியாகலை புள்ள, ஒடைஞ்சுதான் போனோம். ஆனா ஒண்ணு. முன்னயெல்லாம் நான் குழி தோண்டுவனா? கயிறு கட்டுவனா? சருகு மேலயே சாத்திட்டு ஏறுவேன். பயமிருக்கறதாலதான் இன்னிக்கு ஆறு மணிக்கே வந்து தோண்டினேன்."

விழுந்ததற்குப் பிறகு அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். கனகா ஏணியைப் பார்த்தாள். மூங்கிலில் அவன் கை பட்டுப் பட்டு ஒரு இடம் வழவழவென்று இருந்தது. அங்கே தன் உள்ளங்கையால் தட்டினாள். டொக், டொக் என்றது.

"மேல இருந்தா இது தெரியுமா?"

கோபி யோசித்தான். "தெரியும். காலுக்கு வரும். மூங்கிலு பூரா ஓடும்."

"அப்ப வாயால சொல்லவேண்டாம். நான் கேட்டா நீங்க தட்டுங்க. கை ஏணியில இருந்தாத்தானே தட்டமுடியும்?"

அவன் அவளையே பார்த்தான். கல்யாணமான புதிதில், ஏதாவது வேலையை அவள் அவனைவிடச் சீக்கிரம் முடித்துவிட்டால் ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வை.

"இது எட்டு வருசமா நமக்குத் தோணவே இல்லை பாரு," என்றான்.

கனகா எழுந்தாள். மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். மறுபடியும் முதல் படி.

"ஆச்சா?"

டொக், டொக். உள்ளங்காலில் வந்து தொட்டது. வார்த்தை மாதிரி காதில் விழவில்லை. கையாகவே வந்து சேர்ந்தது.

இரண்டு, மூன்று, நாலு. ஏழாவது படியில் நடுக்கம் திரும்ப வந்தது. அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். வந்தால் வரட்டும் என்று அது கொஞ்சம் அடங்கும்வரை மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றாள். கீழே கோபி அவசரப்படுத்தவில்லை. அவள் கேட்காமலே ஒரு தரம் தட்டினான். இருக்கறேன் என்பதைப் போல.

எட்டாவது படியில் கால் வைத்தாள். கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். நுனியை இடுப்பில் முடிந்தாள்.

மேலே வெயில் இருந்தது. கீழே இல்லாத வெயில். கொத்துக் கொத்தாக மிளகு, ஒவ்வொரு கொத்திலும் ஒன்றிரண்டு மணி சிவந்து பறிக்கத் தயாராக. கொடியை ஒரு கையால் தாங்கி, காம்போடு கிள்ளித் தோளில் தொங்கிய சாக்குப் பையில் போட்டாள். முதல் கொத்து, பத்தாவது, ஐம்பதாவது. நடுவே ஒரு சிவப்பெறும்பு கழுத்தில் கடித்தது. அவள் வைத வசவு பலாமரம் வரைக்கும் கேட்டது. ரைட்டர் பதறிப்போய்த் திரும்பிவிட்டார். திரும்பியவர் அப்புறம் முதுகைக் காட்டவில்லை. அவ்வளவு உயரத்தில், புருசன் சட்டையில், எறும்போடு சண்டை போட்டுக்கொண்டே பறிக்கிற பெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணை விரித்துப் பார்க்க ஆரம்பித்தார்.

இரண்டு மரம் முடிய மணி பத்தாகிவிட்டது. அன்பழகன் அந்த நேரத்தில் ஐந்து மரம் எடுத்திருப்பான். கனகாவுக்கு அது தெரியும். ஆனால் ஒரு கொடி அறுபடவில்லை. தரையில் ஒரு மணி சிந்தவில்லை.

"மெதுவாத்தான் எடுக்கறீங்க," என்றார் ரைட்டர்.

"மெதுவாத்தான் எடுப்போமுங்க," என்றாள் கனகா.

அவர் நோட்டை எடுத்தார். "ஏறுறவங்க பேரைத்தான் மொதல்ல எழுதறது. கனகா, கோபின்னு எழுதட்டுமா?"

"அடியில நிக்கறவங்க பேரை மொதல்ல எழுதுங்கய்யா. பிடி இருந்தாத்தான் ஏத்தம்."

கோபி களைக்கொத்தைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பூருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று அவனே சொன்னான். அண்ணன் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். காவேரி நீலப் பையைக் கவிழ்த்துச் சட்டைகளை ஆணியில் மாட்டினாள். போர்வையை மடித்து வைத்தாள். வாட்ச்மேனுக்குக் கொசுவலை வேண்டாமென்றால் எனக்கு வேண்டும் என்றாள்.

திங்கட்கிழமை கிழக்கு வரிசைக்குப் போனபோது அந்த நீலப் பைதான் கனகாவின் தோளில் குறுக்கே தொங்கியது. சாக்குப் பையைவிட அதற்கு வாய் அகலம், வார் கெட்டி. பக்கத்து வரிசையில் ஏறிக்கொண்டிருந்த அன்பழகன், "என்ன கோபி, கட்டை வண்டிக்குத் தாளம் போடுற மாதிரி ஏணியைத் தட்டிட்டு இருக்கீங்க?" என்று கிண்டல் செய்தான். சுகுணா கீழே நின்று ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டாள். அப்புறம் தன் ஏணியில் உள்ளங்கையை வைத்து இரண்டு தரம் தட்டிப் பார்த்தாள்.

கனகா ஏழாவது படியில் நின்றிருந்தாள். இன்றைக்கும் கால் நடுங்கியது. நாளைக்கும் நடுங்கும். இந்த மாசி முழுக்க நடுங்கட்டும்.

"ஆச்சா?" என்றாள்.

டொக், டொக்.

காலைத் தூக்கி வைத்தாள்.